அரை விரல் நீளச் சங்கிலி

ஓவன் ரோடு,
சிங்கப்பூர்.
9.9.1962

திரு. சாகுல் ஹமீது அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் மனைவியும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை.

முதலில் ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். உங்களை நான் திருடன் என்று சொன்னதாகவும், அதனால்தான் நீங்கள் சைக்கிள் கடையை மூடிவிட்டுப் பினாங்குக்குப் போனதாகவும் சிராங்கூன் ரோட்டில் பேசிக்கொள்கிறார்கள். பத்திரிகை விற்கும் ஜலாலுதீன் அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. 1954 மே மாதம், உங்கள் கடை வாசலில், வாடிக்கையாளர் இருவர் முன்னால் நான் சொன்னது இவ்வளவுதான்: "நட்டை முடுக்காமல் கொடுத்திருக்கிறீர்கள். கவனமில்லாத வேலை." திருட்டு வேறு, கவனக்குறைவு வேறு. நான் சொன்ன சொல்லுக்கு மட்டுமே நான் பொறுப்பு. இதை ஜலாலுதீனிடமும் விளக்கிவிட்டு, அவரிடமிருந்தே உங்கள் முகவரியை வாங்கினேன்.

எழுதும் காரணம் வேறு. என் கணவர் காலமாகி எட்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அவருடைய நெடும்பயண சைக்கிள் அன்றிலிருந்து மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. வாரம் ஒருமுறை துடைக்கிறேன். இப்போது வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்கிறார். புக்கிட் மேரா பக்கம் அரசாங்கம் கட்டும் அடுக்குமாடியில் ஏப்ரல் மாதம் எனக்கு இடம் கிடைக்கும் என்கிறார்கள். குறைபட்ட பொருளோடு புது வீட்டில் நுழைய எனக்கு விருப்பமில்லை.

எந்தப் பாகம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று காணாமற்போன, பின்சக்கரத்தின் அச்சுக்குள் திருகி நுழைந்து அந்த நட்டின் பிடியில் நிற்கும் அரை விரல் நீளச் சங்கிலி. இங்கே நான்கு கடைகளில் கேட்டேன். போருக்கு முந்திய கியருக்குப் பாகம் வருவதில்லை என்கிறார்கள். பழைய பாகங்கள் எங்கே கிடைக்கும் என்பது உங்களைப்போல் வேறு யாருக்கும் தெரியாது.

முடியுமா, முடியாதா என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சிவகாமசுந்தரி


சூலியா தெரு,
பினாங்கு.
21.9.1962

அன்புள்ள அண்ணிக்கு சாகுல் ஹமீது எழுதுவது.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் அஸ்மத்தும் சுகம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதச் சொல்லி அஸ்மத் பக்கத்திலேயே நிற்கிறாள்.

உறையின்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் வைத்துப் பிரிக்க மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். நீங்கள் என்னைத் திருடன் என்று சொன்னதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அன்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது நியாயமான சொல். அதில் திருத்த ஒன்றுமில்லை.

இங்கே மருமகன் சேக் தாவூதின் எழுதுபொருள் கடையில் நோட்டுப் புத்தகம் எண்ணிக் கொடுக்கிறேன். சைக்கிள் வேலையை விட்டுவிட்டேன். ஸ்பானரைத் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அழகப்பன் அண்ணனின் வண்டிக்கு என்றால் தேடாமல் இருப்பேனா? அந்த வண்டியும் கியர் இல்லாத என் வண்டியும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவை. மலாக்கா வரை இரண்டும் சேர்ந்தே போயிருக்கின்றன.

அச்சின் நீளமும், சக்கரத்தின் நடுவில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் வேண்டும். பழைய சங்கிலியிலேயே திருகு மரை மூன்று விதம். தவறானதை வாங்கினால் நுழையாது.

உங்கள் சுகத்துக்குத் துஆ கேட்கும்,
சாகுல் ஹமீது


ஓவன் ரோடு,
சிங்கப்பூர்.
14.10.1962

திரு. சாகுல் ஹமீது அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மனைவிக்கு என் நன்றி. ஒத்தடம் பலன் தருகிறது.

நீங்கள் கேட்ட விவரங்கள்: அச்சின் நீளம் ஐந்தே முக்கால் அங்குலம். இரண்டு முறை அளந்தேன். பொறித்திருப்பது கே என்ற ஆங்கில எழுத்தும், அதன் பக்கத்தில் 4 என்ற எண்ணும். பாகத்தின் படத்தையும் நினைவிலிருந்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போய்வந்தேன். அடுத்த வீட்டுப் பூவம்மா, "அங்கெல்லாம் நீங்க போவீங்களாக்கா? திருட்டுச் சாமான் விக்கிற இடம் லா," என்று குடையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர் என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது என்னம்மா, வாட்ச் செயினா?" என்றார்.

"சைக்கிள் கியர்," என்றேன்.

"சைக்கிளே தரேன், எடுத்துக்கிட்டுப் போங்க. செயினை மட்டும் எவன் விப்பான்?"

"முழு சைக்கிள் என்னிடம் இருக்கிறது."

"அப்ப அதை எனக்கு வித்துடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அந்தச் சங்கிலி இல்லாத வண்டி ஓடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அது காணாமற்போன பிறகும் என் கணவர் மூன்று மாதம் ஞாயிறுதோறும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அது எப்படி? தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அவசரமில்லை.

இப்படிக்கு,
சிவகாமசுந்தரி


சூலியா தெரு,
பினாங்கு.
2.11.1962

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அளவு சரியாக இருக்கிறது. ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீங்கள் கேட்டுவிட்டதால் மறைக்கக் கூடாது.

அந்தச் சக்கரத்துக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. சங்கிலி அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கும். முழுக்க இழுத்தால் ஏற்றத்துக்கான லேசான கியர். பாதி இழுத்தால் நடுக் கியர். விட்டுவிட்டால் கனமான கியர், அது சமதரையில் வேகமாகப் போவதற்கு. சங்கிலியே இல்லையென்றால் வண்டி நின்றுவிடாது அண்ணி. மூன்றில் கனமானது மட்டும் மிஞ்சும். அண்ணன் அந்த மூன்று மாதமும் அதில்தான் மிதித்தார். ஜூரோங் போகும் மண்பாதையிலும், புக்கிட் தீமா ஏற்றத்திலும்.

நான் கேட்டேன். "வேற சக்கரம் போட்டுத் தரேண்ணே, இப்படி மிதிக்காதீங்க" என்றேன். "விடு ஹமீது. நீ செயினைத் தேடிக் கொடுக்கிற வரைக்கும் இது போதும். கால் கெட்டியாகும்" என்று சிரித்தார். டாக்டர் அவரை சைக்கிளே ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. இறுதிச் சடங்கு அன்று கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டபோதுதான் காதில் விழுந்தது. அன்று உங்கள் வாசலிலிருந்து உள்ளே வராமல் திரும்பிப் போனதற்குக் காரணம் அதுதான். நீங்கள் மரியாதைக் குறைவாக நினைத்திருக்கலாம்.

நெஞ்சு பலமில்லாத மனிதரை அந்தக் கியரில் ஏற்றம் மிதிக்க வைத்தது என் கைக் குறை. அதன்பிறகு ஸ்பானரை எடுக்க முடியவில்லை.

சாகுல் ஹமீது


ஓவன் ரோடு,
சிங்கப்பூர்.
20.12.1962

திரு. சாகுல் ஹமீது அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண்ணில் உபாதை இருந்ததால் ஏழு வாரம் பதில் எழுத இயலவில்லை.

பாகத்தைத் தேட வேண்டாம். சைக்கிளை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு போகிறேன். உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறேன்.

உங்கள் குடும்பத்தார் அனைவர் நலத்தையும் விரும்பும்,
சிவகாமசுந்தரி


சூலியா தெரு,
பினாங்கு.
15.1.1963

அன்புள்ள அண்ணிக்கு,

கண் உபாதை தீர்ந்ததா? பொங்கல் பொங்கினீர்களா? இங்கே நானும் அஸ்மத்தும் சுகம்.

தேட வேண்டாம் என்று நீங்கள் எழுதியது வந்து சேருவதற்குள் பாகம் கிடைத்துவிட்டது. தைப்பிங்கில் சுந்தரம் என்று ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவர் வண்டியிலும் அதே கியர், அதே எழுத்து. நான் போய்க் கேட்டதும், "இதைக் கழட்டிட்டா என் வண்டி ஓடாதே பாய்?" என்றார்.

"ஓடும் சார். ஆனா கனமா ஓடும்."

"எழுபது வயசாச்சு. நானே கனமாத்தான் ஓடுறேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

ஆனால் அவரை அப்படி விட்டுவர எனக்கு மனமில்லை. வேறு பின்சக்கரம் ஒன்று வாங்கி, அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நானே மாட்டிக் கொடுத்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு ஸ்பானர் பிடித்தது அன்றுதான். நட்டை முடுக்கினேன். பஸ் ஏறும்போது முடுக்கினேனா என்று சந்தேகம் வந்து, திரும்பி நடந்துபோய்ப் பார்த்தேன். முடுக்கித்தான் இருந்தது. பஸ் போய்விட்டது. சங்கிலியைப் பார்சலில் அனுப்புகிறேன்.

இனி ஒரு முக்கியமான விஷயம். இந்த வருஷம் நான் ஹஜ்ஜுக்குப் போக எண்ணியிருக்கிறேன். மார்ச் 24ஆம் தேதி பினாங்கிலிருந்து கப்பல். புறப்படும் முன், யாருக்கெல்லாம் குறை செய்தோமோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழக்கம். மனிதனுக்கு மனிதன் செய்த குறையை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும், அதை அல்லாஹ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதில்லை என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வார். பதினொரு பேர் பெயரை எழுதி வைத்தேன். பத்துப் பேரிடம் கேட்டாயிற்று. மச்சானிடம் கேட்டபோது, "நீ எனக்குச் செஞ்ச அநியாயம் ஒண்ணா ரெண்டா? மொத்தமா பொறுத்தேன், போ" என்றார்.

பதினோராவது அழகப்பன் அண்ணன். 1954 ஆகஸ்ட் 18 அன்றே அவரிடம் கேட்கும் வழி அடைபட்டுவிட்டது. அவர் சார்பில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடுக்காமல் விட்ட அந்த நட்டுக்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். "பொறுத்தேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

சாகுல் ஹமீது


ஓவன் ரோடு,
சிங்கப்பூர்.
27.1.1963
(பாதியில் நிறுத்தி, அனுப்பாமல் வைத்தது)

திரு. சாகுல் ஹமீது அவர்களுக்கு,

வணக்கம். நலம்.

நீங்கள் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். அதை மூன்று தாள்களில் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். எழுதினால் பொய்யாகும்.

நட்டை நீங்கள் முடுக்கியிருந்தீர்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கழற்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருக வேண்டியிருந்தது. நீங்கள் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, சங்கிலியை நான்தான் கழற்றினேன். கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போய், தேக்கா மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ரோச்சோர் கால்வாயில் போட்டேன். அவர் மெர்சிங் வரை போகத் திட்டமிட்டிருந்தார். டாக்டர் சொன்னதை அவர் கேட்கவில்லை. நான் சொன்னதையும் கேட்கவில்லை. சங்கிலி இல்லாவிட்டால் வண்டி நகராது என்று நினைத்தேன். கனமாக

நீங்கள் தைப்பிங்கில் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தது


ஓவன் ரோடு,
சிங்கப்பூர்.
16.2.1963

திரு. சாகுல் ஹமீது அவர்களுக்கு,

வணக்கம். நோன்பு நாட்கள் நல்லபடியாகக் கழிகின்றன என்று நம்புகிறேன். உங்கள் மனைவி நலமா?

பார்சல் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. கேலாங்கில் மாணிக்கம் என்பவருடைய பட்டறைக்கு சைக்கிளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன். பாகம் சரியாகப் பொருந்தியது. மூன்று கியரும் மாறுகின்றன. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நட்டைப் பற்றி மாணிக்கம் ஏதோ சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கணவர் காலமான நாளை ஆகஸ்ட் 18 என்று குறிப்பிட்டிருந்தீர்கள். 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.

நீங்கள் கேட்ட மற்றதற்கு இப்போது பதில் எழுத இயலவில்லை.

நன்றியுடன்,
சிவகாமசுந்தரி


சூலியா தெரு,
பினாங்கு.
4.3.1963

அன்புள்ள அண்ணிக்கு,

பெருநாள் முடிந்தது. எல்லோரும் சுகம். மூன்று கியரும் மாறுகின்றன என்று படித்ததும் அஸ்மத்தைக் கூப்பிட்டு இரண்டாவது முறை வாசித்துக் காட்டினேன். தேதியைத் தவறாக எழுதியதற்கு வருந்துகிறேன்.

நான் கேட்டது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று இப்போது புரிகிறது. கணவரை இழந்தவரிடம் தபாலில் ஒரு சொல் கேட்டது என் தவறு. அஸ்மத்தும் திட்டினாள். "மாப்புக் கேக்கிறவர் வாசல்ல போய்க் கேக்கணும். முத்திரை ஒட்டியா கேப்பாக?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. வரும் 14ஆம் தேதி வியாழக்கிழமை ரயிலேறுகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் வாசலில் நிற்பேன். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு திரும்புவேன். அந்த ஒரு சொல் கிடைக்காமல் கப்பலேறிப் போனால் அங்கே நின்று என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிடைக்காவிட்டால் இந்த வருஷம் வேண்டாம் என்று ஹஜ் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்றும் நினைக்கிறேன்.

சாகுல் ஹமீது


ஓவன் ரோடு,
சிங்கப்பூர்.
7.3.1963

தம்பி சாகுல் ஹமீதுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அஸ்மத்தும் நலமாக இருக்க வேண்டும்.

ரயிலேற வேண்டாம். என் வாசலில் நின்று கேட்பதற்கு உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. பெயரையும் எடுக்க வேண்டாம். கீழே எழுதியிருப்பதைக் கடைசி வரை படியுங்கள்.

நீங்கள் நட்டை முடுக்கித்தான் கொடுத்தீர்கள். அதை ஸ்பானரால் கழற்றி, சங்கிலியை எடுத்து, ரோச்சோர் கால்வாயில் எறிந்தவள் நான். வெயிலில் போகவர இருநூறு மைல் மிதிக்க வேண்டிய அந்த மெர்சிங் பயணத்தை நிறுத்துவதற்காகச் செய்தேன். அவருடைய உயிரைக் காப்பாற்றச் செய்ததாக எட்டு ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெர்சிங் பயணம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சவாரி நிற்கவில்லை. அவர் எந்தக் கியரில் மிதித்தார் என்பதை நவம்பர் மாதம் உங்கள் கடிதம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கண்ணில் உபாதை என்று எழுதியது பொய். என் கண்கள் நன்றாகவே இருக்கின்றன. அவருடைய இதயம் ஏற்கெனவே வீங்கியிருந்தது என்றும், எப்படியும் ஓராண்டுக்கு மேல் தாங்கியிருக்காது என்றும் டாக்டர் பிறகு சொன்னார். அதை உங்களுக்காக எழுதுகிறேன். எனக்காக அல்ல.

இதைவிடக் கெட்டது ஒன்று இருக்கிறது. சங்கிலி இல்லை என்று அவர் கண்டுபிடித்த அன்று என்னைச் சந்தேகிக்கவே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். "ஹமீது நட்டை முடுக்காமல் விட்டிருப்பார்" என்று முதலில் சொன்னவள் நான். "அவன் மறக்கிற ஆள் இல்ல, சிவகாமி" என்றார். "அவரும் மனுஷர்தானே" என்றேன். அதை அவர் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் கடைக்கு வந்து, ஆட்கள் முன்னால் அப்படிப் பேசினேன். நீங்கள் உங்கள் கைகளைப் பார்த்தீர்கள். பிறகு, "இருக்கலாம் அண்ணி" என்றீர்கள். நீங்கள் மறுத்துச் சண்டை போட்டிருந்தால் நான் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பல முறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

அதன்பிறகு இரண்டு நாள், கடையிலிருந்து எங்கள் வீடுவரை சாலை ஓரத்திலும் சாக்கடை ஓரத்திலும் குனிந்து தேடிக்கொண்டு நடந்தீர்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பூவம்மா, "என்னக்கா தேடுறாரு அந்த பாய், மோதிரமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

கேலாங்கில் மாணிக்கம் சொன்னதையும் நான் மறைத்தேன். அவர் அச்சைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இந்த நட்டு தானா கழலாது லா அம்மா. மரை கொஞ்சம்கூடத் தேயல. முடுக்கினவரு நல்லாத்தான் முடுக்கியிருக்காரு. யாரோ ஸ்பானர் வெச்சுக் கழட்டியிருக்காங்க, பாருங்க கீறல்" என்றார். பிறகு, "திருட்டுப் பயலுங்க" என்று அவரே முடித்துக்கொண்டார்.

நான் படித்த கான்வென்ட்டில் சனிக்கிழமைதோறும் கத்தோலிக்கப் பிள்ளைகள், செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். எங்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துத் தையல் போடச் சொல்வார்கள். அழுதுகொண்டு வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்து, எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். செப்டம்பரில் உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தையும் அந்தப் பெருமையோடுதான் எழுதினேன். பாகத்தை வாங்கிப் பொருத்திவிட்டால் சைக்கிள் நான் தொடுவதற்கு முன் இருந்த நிலைக்கு வந்துவிடும், பிறகு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். வண்டி அந்த நிலைக்கு வந்துவிட்டது. நேற்று துடைத்து முடித்ததும் அதன் முன்னால் நிற்க முடியவில்லை.

உங்களைப் பற்றிப் பலர் கேட்கப் பேசியதால் இதையும் பலர் கேட்கச் சொல்ல வேண்டும் என்று நேற்று காலை உங்கள் பழைய கடை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அங்கே தையற்கடை. அன்று கேட்டவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் எதிர்க் கடை சேதுபதி. அவரையும் ஜலாலுதீனையும் கூப்பிட்டு, நின்றபடியே சொன்னேன். தையற்காரர்களும் இயந்திரத்தை நிறுத்திக் கேட்டார்கள். ஜலாலுதீன் மடித்துக்கொண்டிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, "எட்டு வருஷம் அந்த மனுஷனை நாங்களும் குத்தம் சொல்லிட்டோமேம்மா. இப்ப வந்து சொல்றீங்களே," என்றார். "இப்போதுதான் சொல்ல முடிந்தது," என்றேன். சேதுபதி என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து கடைக்குள் போய்விட்டார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

என் கணவர் சார்பில் உங்களைப் பொறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவர் உங்களைக் குறை சொன்னதே இல்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை புக்கிட் தீமாவிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்து படுத்தவர், மறுநாள் ஆஸ்பத்திரியில், "ஹமீதுகிட்ட சொல்லு, செயினுக்கு அலைய வேணாம்னு" என்று சொன்னார். அதையும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. இது அவர் உங்களுக்குச் சொல்லி அனுப்பிய செய்தி. எட்டு ஆண்டுகள் தாமதமாகத் தருகிறேன்.

நீங்கள் பத்துப் பேரிடம் நேரில் போய்க் கேட்டதுபோல நானும் நேரில் வந்து கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் கப்பலேறப் போகிறவர் வீட்டில், அஸ்மத் காபி கொடுக்க, நான் எதிரே உட்கார்ந்திருந்தால், உங்களால் மறுக்க முடியாது. மறுக்கும் வசதி உங்களுக்கு இருக்க வேண்டும். அதனால் இங்கிருந்தே கேட்கிறேன். நான் உங்களுக்குச் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

24ஆம் தேதிக்கு முன், உங்கள் கையால் பதில் எழுதி அனுப்புங்கள்.

சிவகாமசுந்தரி